முதலில் கை, அப்புறம் கண்: கேம் கேள்வி-பதில்

கேள்வி: சோனியின் கேம் கன்சோலான பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வைத்திருக்கிறேன். அதன் மேம்பட்ட மாடலான ப்ரோவுக்கு மாறலாமா?

நீங்கள் இப்போது எந்த மோடில் ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பல பெரிய கேம்களில் இரண்டு மோட் இருக்கும், ஒன்று படத்தை நுணுக்கமாகக் காட்டி நொடிக்கு 30 ஃபிரேமில், அதாவது 30 படங்களில், ஓடும், இன்னொன்று படத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து 60-ல் ஓடும். 30 என்றால் ஒரு ஃபிரேமுக்கு 33 மில்லிசெகண்ட், 60 என்றால் 17-க்கும் குறைவு. பட்டனை அழுத்தினதும் கேரக்டர் அசைகிற வேகத்தில் இந்த வித்தியாசம் கைக்கு நன்றாகவே தெரியும். ஆடுகிறவர்கள் முக்கால்வாசி நேரம் வேகமான மோடைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ப்ரோவை அறிமுகப்படுத்தும்போது பிஎஸ்5-ஐ வடிவமைத்த மார்க் செர்னியே சொன்னார். 2024 நவம்பரில் வந்த ப்ரோவின் முக்கிய வேலை, அந்த 60-ஐ விடாமல் படத்தையும் தெளிவாக்குவதுதான். ஏற்கெனவே 60-ல் ஆடி திருப்தியாக இருக்கிறீர்கள் என்றால் மாற வேண்டாம். டிஸ்க்கில் ஆடுகிறவர் என்றால் இன்னொரு விஷயம், ப்ரோவோடு டிஸ்க் டிரைவ் வராது, தனியாக வாங்க வேண்டும்.

கேள்வி: பழைய கேம்களைப் புது டிவியில் ஆடினால் என் தாவல் எல்லாம் தப்புகிறது. வயசாகிவிட்டதா?

இல்லை, டிவியைச் சந்தேகப்படுங்கள். பழைய பெட்டி டிவி சிக்னல் வர வர அப்படியே திரையில் வரைந்துகொண்டே போகும். இப்போதைய டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, அப்புறம்தான் காட்டுகிறது, அந்தத் தாமதத்தில்தான் உங்கள் தாவல் போகிறது. செட்டிங்ஸில் 'கேம் மோட்' இருக்கும், போட்டுவிட்டு மறுபடி ஆடிப் பாருங்கள்.

கேள்வி: பழைய கேம்கள் நல்லவை என்பது வெறும் சின்ன வயசு பாசம்தானே?

பாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸை இதுவரை தொடாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மாரியோ திரையின் இடது பக்கம் நிற்கிறார், வலது பக்கம் முழுக்கக் காலி, எனவே கை தானாக வலப்பக்கம் போகும். கொஞ்ச தூரத்தில் கூம்பா என்ற குட்டி எதிரி நேராக வருகிறது. முட்டினால் உயிர் போகும், ஆனால் கேம் அப்போதுதான் ஆரம்பித்திருப்பதால் இழப்பு ஒன்றும் இல்லை, அடுத்த முறை தாவிவிடுவார். அப்புறம் பெட்டியிலிருந்து ஒரு காளான் வருகிறது. அது நல்லதா கெட்டதா என்று தெரியாது, பயந்து ஒதுங்கலாம், ஆனால் அது வலப்பக்கம் போய்க் குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கியே வரும், தாவித் தப்பிக்கலாம் என்றால் தலைக்கு மேல் கட்டைகள் தடுக்கும். தொட்டதும் மாரியோ பெரிதாகிவிடுவார்! ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் ஓடுவது, தாவுவது, எதிரி, பரிசு எல்லாம் கற்றுக்கொடுத்தாகிவிட்டது. இன்றைக்கு எத்தனையோ கேம்கள் ஒவ்வொரு பட்டனுக்கும் கேமை நிறுத்தி ஒரு பெட்டி நிறைய எழுத்தைக் காட்டுகின்றன. எனக்கு அதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது, கையால் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கண்ணால் படிக்கச் சொல்கிறார்கள்.

1980-ல் வந்த, பேய்களிடம் சிக்காமல் புதிர்ப்பாதையில் புள்ளிகளைத் தின்னும் பாக்-மேனையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். சிவப்புப் பேய் உங்களைப் பின்தொடரும், இளஞ்சிவப்பு நீங்கள் போகிற பக்கம் நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கும், ஆரஞ்சு கிட்டே வந்ததும் விலகி ஓடும். சின்னச் சின்ன விதிகள்தான், ஆனால் ஆடும்போது அவை கூட்டுச் சேர்ந்து நம்மை வளைப்பது போலவே இருக்கும்.

கேள்வி: ஈஸி மோடில் ஆடினால் அது ஆடினதாகக் கணக்கா?

கணக்குதான். 2018-ல் வந்த செலஸ்ட் என்ற தாவும் கேம் கடினத்துக்குப் பேர் போனது, அதிலேயே கேமின் வேகத்தைக் குறைக்கவும் சாகாமல் ஆடவும் வழி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, சாதாரண மோடிலேயே அது உங்களுக்குச் சலுகை தருகிறது. விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் இருந்தாலும் சில ஃபிரேம்கள் வரை தாவலை ஏற்றுக்கொள்ளும், தரையைத் தொடும் முன்பே பட்டனை அழுத்திவிட்டால் அதை நினைவில் வைத்திருந்து தொட்டதும் தாவும். நாம் தாவ நினைத்த நேரத்துக்கும் விரல் அழுத்தும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியை டிசைனர் நிரப்புகிறார். இது கேமைச் சுலபமாக்குவது கிடையாது, நியாயமாக்குவது.

கேள்வி: நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு கேம் கார்டு வாங்கவா, டவுன்லோடா?

கார்டு, ஆனால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு. 'கேம்-கீ கார்டு' என்று போட்டிருந்தால் உள்ளே முழு கேம் கிடையாது, டவுன்லோட் செய்ய வேண்டும், ஆடும்போது கார்டும் செருகியிருக்க வேண்டும். நண்பருக்குக் கொடுக்கலாம், விற்கலாம், அந்த வசதி உண்டு. ஆனால் சர்வர் மூடின பிறகு புதிதாக ஒரு கன்சோலில் ஏற்ற முடியாது. நின்டெண்டோவின் பழைய கன்சோலான வீ யூவின் ஆன்லைன் கடையை 2023 மார்ச்சில் மூடினார்கள், அங்கே மட்டும் விற்ற கேம்களை இப்போது புதிதாக வாங்க வழியே இல்லை. அதனால் திரும்பத் திரும்ப ஆடப்போகிற கேம் என்றால் முழுதாக உள்ளே இருக்கிற கார்டைத் தேடி வாங்குங்கள், ஒருமுறை முடித்துவிட்டு நகர்கிற கேமுக்கு டவுன்லோடே போதும்.