ஜீவ வகைச் சரக்கு சேர்ந்த சீன மருந்துகள்: கேள்வி பதில்

தேரை, அட்டை, பூரான், கோரோசனை என்று உயிரினங்களிலிருந்து எடுக்கும் சரக்குகள் உள்ள சீன மருந்துகளைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நான் சிங்கப்பூரில் மருந்தாளர், சின்சே (சீன வைத்தியர்) இல்லை. எந்த நோய்க்கு எது கேட்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள். எது எதோடு சேர்ந்தால் வம்பு என்பதைச் சொல்கிறேன்.

அக்கா, பக்கவாதம் வந்த அப்பா இப்போது தேறி வருகிறார். ஆஸ்பத்திரியில் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் கொடுத்திருக்கிறார்கள். சின்சே கொடுத்த கேப்ஸ்யூலில் அட்டைப்பூச்சியும் மண்புழுவும் இருக்கிறதாம். சேர்த்துச் சாப்பிடலாமா? (ஜோகூர் பாரு)

வேண்டாம் தம்பி. கேப்ஸ்யூலை இன்றே நிறுத்துங்கள், வார்ஃபரினை நிறுத்தாதீர்கள். டப்பாவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் உறையும் அளவை, அதாவது ஐ.என்.ஆர்., பார்க்கச் சொல்லுங்கள்.

அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் வழிவதற்கு அதன் எச்சிலில் உள்ள ஹிருடின் காரணம். கஷாயமாகக் காய்ச்சினால் அதன் வீரியம் பெரும்பாலும் போய்விடும். காயவைத்துப் பொடித்து அப்படியே அடைத்த கேப்ஸ்யூலில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மண்புழுவிலும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் நொதிகள் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே ஒரு மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது அதே திசையில் இன்னும் இரண்டு எதற்கு?

இன்னொன்று. இந்த மாதிரிக் கலவைகளில் தான்ஷென் என்ற வேரும் பெரும்பாலும் இருக்கும். அது வெறும் செடிதான், ஆனால் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடும். பூச்சியைப் பார்த்துப் பயந்துவிட்டு வேரைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். மலம் கறுத்துப் போனாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, அடிபடாமலே உடம்பில் நீலம் பாய்ந்தாலோ, தலைவலி மண்டையைப் பிளந்தாலோ அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். சின்சேயிடமும் வார்ஃபரின் விஷயத்தைச் சொல்லுங்கள். நல்ல சின்சே கோபப்பட மாட்டார், மருந்தை மாற்றித் தருவார்.

தொண்டை வலிக்குக் கடுகு மாதிரி கறுப்பு மாத்திரை, லியூ ஷென் வான் போடுகிறோம். மாமியாருக்கு இதய மருந்து டிகாக்ஸின் உண்டு. பரவாயில்லையா? (சிங்கப்பூர்)

பரவாயில்லை என்று சொல்லவே முடியாது. அந்தக் கடுகு ஒவ்வொன்றும் சுமார் 3 மில்லிகிராம்தான். ஆனால் அதில் கஸ்தூரி, கோரோசனை, முத்து, மனோசிலை எல்லாவற்றோடும் சான் சூ இருக்கிறது. தேரையின் தோல் சுரப்பிகளிலிருந்து எடுத்து உலர்த்திய பால் அது. அதிலுள்ள நஞ்சு இதயத்தில் கிட்டத்தட்ட டிகாக்ஸின் செய்வதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் வாந்தி வரும், நாடி மெதுவாகும், துடிப்பு தாளம் தப்பும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1993க்கும் 1995க்கும் இடையில் நியூயார்க்கில் தேரை நஞ்சு அடங்கிய கெட்டியான பழுப்புக் கட்டி ஆண்மை மருந்தாக விற்றது. வெளியே தடவ வேண்டியதை விழுங்கியதில், அதுவரை நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 4 ஆண்கள் இறந்துபோனார்கள். பிறகு வந்தவருக்கு டிகாக்ஸின் முறிமருந்தைக் கொடுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற முடிந்தது. இந்தப் பாலைத் தின்றவருக்கு ரத்தப் பரிசோதனை செய்தால், டிகாக்ஸின் மாத்திரையே போடாதவருக்கும் டிகாக்ஸின் இருப்பதாகக் காட்டக்கூடும். அதனால் என்ன சாப்பிட்டார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளும் இதைத் தொடக் கூடாது. கஸ்தூரி சேர்ந்த மருந்துகளைக் கர்ப்பத்தில் சீன வைத்தியமே விலக்கியிருக்கிறது.

ஆன் கோங் நியூ ஹுவாங் வான் வீட்டில் ஒன்று இருந்தால் பக்கவாதத்துக்குப் பயப்பட வேண்டாம் என்கிறார்கள். வருடத்துக்கு ஓர் உருண்டை தடுப்பாகவும் சாப்பிடலாமாமே? (பினாங்கு)

ஐயா, முதலில் ஒன்று. வாய் கோணி, கை விழுந்தவுடன் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. எல்லோருக்கும் அந்த ஊசி பொருந்தாது, ரத்தக்குழாய் வெடித்திருந்தால் அதுவே ஆபத்து. ஸ்கேன் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். வீட்டில் உட்கார்ந்து தேன் உருண்டையை வெந்நீரில் குழைத்துக்கொண்டிருந்தால் அந்த நேரம் போய்விடும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றவும் கூடாது, நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

பழைய சூத்திரப்படி அந்த உருண்டையில் கோரோசனையோடு ஜாதிலிங்கமும் மனோசிலையும் உண்டு. ஒன்று பாதரசம், மற்றொன்று ஆர்செனிக். சீன மரபிலேயே இது உடம்பு கொதித்து, முகம் சிவந்து, நினைவு தப்பிய நிலைக்கான மருந்து. கைகால் சில்லிட்டு முகம் வெளுத்தவருக்குக் கொடுக்கவே மாட்டார்கள். அப்படியிருக்க, நோயே இல்லாதவர் வருடா வருடம் விழுங்குவது எந்தச் சாஸ்திரம்? இதெல்லாம் விலையைப் பார்த்து வருகிற பக்தி என்பது என் அபிப்பிராயம்.

பிள்ளைக்குக் காய்ச்சல். மான் கொம்புத் தண்ணீர் (லிங் யாங்) கொடுத்தால் சூடு இறங்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். (சிங்கப்பூர்)

சைகா என்ற மானின் கொம்பு அது. நம் நகத்தில் இருக்கும் கெரட்டின்தான் அதிலும். அந்தத் தண்ணீரைவிட, அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் இரண்டு நாள்தான் எனக்குக் கவலை. நம் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்கியும் இருக்கலாம். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் டெங்கி மோசமாகும், சூடு குறைந்ததே என்று ஏமாந்துவிடாதீர்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்தத் தண்ணீரும் வேண்டாம், நேராக மருத்துவரிடம்.

பறவைக்கூடு சூப் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

சிங்கப்பூரில் குழந்தைகளுக்கு உணவால் வரும் கடும் ஒவ்வாமைக்கு ஒரு காலத்தில் முதல் காரணமாக இருந்தது இதுதான். ஆஸ்துமா, கரப்பான் உள்ள பிள்ளையென்றால் தவிர்த்துவிடுங்கள்.

தாய்ப்பால் ஊற அழுங்கு (எறும்புதின்னி) ஓடு வாங்கி வரச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர். (ஈப்போ)

வாங்காதீர்கள்ம்மா. எட்டு வகை அழுங்குகளுக்கும் 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) மாநாட்டில் வணிகத் தடை வந்துவிட்டது. சீனாவே 2020ஆம் ஆண்டின் மருந்து நூல் பதிப்பிலிருந்து ஓட்டை எடுத்துவிட்டது. காண்டாமிருகக் கொம்பு 1993லேயே போய், அதன் இடத்துக்கு எருமைக் கொம்பு வந்தது. பால் போதவில்லை என்றால், பிள்ளை மார்பைச் சரியாகப் பிடிக்கிறதா என்று தாய்ப்பால் ஆலோசகரிடம் முதலில் காட்டுங்கள்.

சைவம் நாங்கள். கஷாயப் பொட்டணத்தில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பொட்டணம் கட்டுமுன்பே சொல்லிவிடுங்கள். சிள்வண்டுச் சட்டை, சிப்பி ஓடு, முத்து எல்லாம் சாதாரணமாகச் சேரும். ஆ ஜியாவ் என்பது கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. மலேசியாவில் டப்பா மருந்து என்றால் மால் என்று தொடங்கி டி என்று முடியும் பதிவு எண்ணும் ஹாலோகிராமும் இருக்கிறதா பாருங்கள். அது பதிவுக்குத்தான் சாட்சி, சைவத்துக்கு இல்லை. கேப்ஸ்யூல் கூடே பெரும்பாலும் ஜெலட்டின்.

பூரானைப் பச்சையாகத் தின்றால் வீரியம் அதிகமாமே?

குவாங்சோவில் ஒரு தாயும் மகனும் சந்தையில் வாங்கிய பூரானைப் பச்சையாகத் தின்று வாரக்கணக்கில் தலைவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பூரானில் இருந்த எலி நுரையீரல் புழு மூளை வரை போயிருந்தது. 2018இல் மருத்துவ இதழில் வந்த செய்தி. இருவரும் சிகிச்சையில் தேறினார்கள்.

சர்க்கரை நோய்க்கு மாமா நேற்று இரவு கெண்டை மீனின் பித்தப்பையை விழுங்கினார். ராத்திரி முழுக்க வாந்தி, பேதி. இப்போது நின்றுவிட்டது. விட்டுவிடலாமா? (கிள்ளான்)

விடாதீர்கள், இதைப் படித்தவுடன் கிளம்புங்கள். புல் கெண்டை, ரோகு மாதிரி மீன்களின் பித்தநீர் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வாந்தி நின்று ஆள் தெளிந்த மாதிரி இருக்கும்போதே, அடுத்த இரண்டு மூன்று நாளில் சிறுநீர் குறைந்து நின்றுவிடும். நேரத்தோடு போனால் கொஞ்ச நாள் டயாலிசிஸ் செய்தாவது சிறுநீரகத்தை மீட்கப் பார்ப்பார்கள். எந்த மீன், எத்தனை பித்தப்பை, எத்தனை மணிக்கு என்று எழுதி எடுத்துப் போங்கள். கடைசியாக எப்போது சிறுநீர் போனார் என்பதையும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.