உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்

கேள்வி: கல்லூரி ப்ராஜெக்டுக்காக 12 நிமிடக் குறும்படம் எடுத்தோம். படம் போனில், வசனம் தனி ரெக்கார்டரில். கிளாப்பை வைத்து சிங்க் செய்தால் (படத்தையும் ஒலியையும் பொருத்தினால்) ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது. நீளமான டேக்குகளில் போகப் போக உதடும் வசனமும் பிரிகின்றன. ரெக்கார்டர் கோளாறா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: ரெக்கார்டரைத் திட்டுவதற்கு முன் போனைப் பாருங்கள். வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் ஒரு நொடிக்கு எடுக்கும் ஃபிரேம் (தனித்தனிப் படம்) எண்ணிக்கையைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும். நீங்கள் 30 என்று வைத்திருப்பீர்கள். அது ஒரு நொடி 30, அடுத்த நொடி 28 என்று ஓடியிருக்கும். எடிட்டிங் மென்பொருள் எல்லாவற்றையும் சீரான வேகமாக நினைத்து அடுக்குவதால் சிங்க் நழுவுகிறது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கிளிப்பைத் திறந்து, ஃபிரேம் ரேட் மோடு என்ற வரியைப் பாருங்கள். 'வேரியபிள்' என்றிருந்தால் ஆள் அகப்பட்டாயிற்று.

ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' (சீரான வேகம்) தேர்ந்தெடுத்து, எடுத்த வேகத்தையே கொடுத்து மாற்றுங்கள். சினிமா லுக் ஆசையில் 30-ஐ இங்கேயே 24 ஆக்கினால் நொடிக்கு 6 ஃபிரேம் உதிரும். கேமரா பக்கவாட்டில் திரும்பும் (பேன்) இடமெல்லாம் படம் குதிக்கும். தரத்துக்கான ஆர்.எஃப். எண்ணை 16 முதல் 18-க்குள் வையுங்கள். எண் குறையக் குறையத் தரமும் ஃபைல் அளவும் கூடும். ஒரிஜினலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

'வேரியபிள்' இல்லையா? அப்போது விலகலை அளக்க வேண்டியதுதான். டேக் முடிவிலும் ஒரு கிளாப் அடித்திருந்தால் வேலை சுலபம். 10 நிமிடத்துக்கு 0.6 நொடி விலகினால் நொடிக்கு 23.976, 24 என்ற இரண்டு ஃபிரேம் வேகங்களுக்கு இடையிலான குழப்பம். குரல் கீச்சென்று ஏறி, 10 நிமிட ஒலி 9 நிமிடம் 11 நொடியில் முடிந்துவிட்டால், 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு ஒலியை அளக்கும் எண்ணிக்கை) பதிந்ததை எடிட்டிங் மென்பொருள் 48 என்று வாசிக்கிறது. ஓரிரு ஃபிரேம்தான் என்றால் இரண்டு கருவிகளின் கடிகார வித்தியாசம். வசனங்களுக்கு இடையே உள்ள மௌனத்தில் வெட்டி நகர்த்தினால் போதும்.

கேள்வி: ஷாட் மாறும் இடமெல்லாம் ஒலி 'டப்'பென்று அறுந்து விழுகிறது. பின்னணி இசையைக் கூட்டினால் மறையுமா?
– வாசகி, கோவை

பதில்: மறையாது, வசனம்தான் மூழ்கும். நீங்கள் பதியாமல் விட்டது ரூம் டோன்: எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்க, அந்த அறையின் வெற்று ஒலி ஒரு நிமிடம். இப்போது அதற்கு வழியில்லை என்றால், 'ஆக்‌ஷன்' சொன்ன பிறகு நடிகர் பேசத் தொடங்கும் முன் கிடைக்கும் இரண்டு மூன்று நொடி அமைதியைப் பல டேக்குகளிலிருந்து பொறுக்கிச் சேருங்கள். அதைத் தனி டிராக்கில் காட்சி முழுக்க ஓடவிட்டு, ஒவ்வொரு வெட்டிலும் 2 முதல் 4 ஃபிரேம் கிராஸ்ஃபேட் (ஒரு ஒலி தேய, அடுத்தது எழுவது) கொடுங்கள். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் தூரத்துக் காகம் மூன்று நொடிக்கொரு தரம் தாளம் தப்பாமல் கரையும். பார்வையாளர் கவனம் அங்கே போய்விடும்.

கேள்வி: பிரீமியர் புரோ எடிட்டிங் மென்பொருளில் டைட்டில் போட்டால் 'கொ'வின் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. எழுத்துருவை மாற்றியும் பயனில்லை.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: எழுத்துருமேல் தப்பில்லை. பிரிஃபரன்சஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் எஞ்சினை 'சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றுங்கள். பிறகு புதிய டெக்ஸ்ட் லேயர் போட்டு யூனிகோடில் தட்டுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டித் தப்பிக்கலாம்தான். ஆனால் அதே வரியை சப்டைட்டில் ஃபைலில் ஒட்டும்போது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும்.