முருகைத் தொட்டிக்கு எந்த வெளிச்சம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். 90க்கு 45க்கு 45 சென்ரிமீற்றரில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். காளான் முருகை நாலு, தோல் முருகை ஒன்று, இரண்டு மூன்று நிறத்தில் சொவாந்திட் (காம்பில் சின்னப் பூப்போல விரியும் முருகை வகை), ஒரு சோடி கோமாளி மீன். மேலே 39 வாற் ரியூப் நாலு போட்ட ரி5 (மெல்லிய புளோரசன்ற் ரியூப்) செற். கொழும்பில் பழைய சாமானாக வாங்கியது. ரியூப் மாற்றி ஒன்றரை வருசம் இருக்கும். இப்போது சொவாந்திட்டின் காம்பு நீண்டு, நிறம் செத்து மண்ணிறமாகப் போகிறது. சித்திரையில் பின்னேரம் மூன்று மணிக்குத் தண்ணீர் 31 பாகைக்கு வந்துவிடுகிறது. ரியூப் நாலையும் புதிதாகப் போடவா, அல்லது ஒன்லைனில் விற்கிற 165 வாற் கறுப்புப் பெட்டி எல்.ஈ.டி.க்கு மாறவா? ரி5 வெளிச்சத்தில்தான் முருகை வளரும், எல்.ஈ.டி. எரித்துவிடும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். முல்லைத்தீவில் தொழிலுக்குப் போகிற ஒருவர் உயிருள்ள முருகைக்கல் கொண்டுவந்து தரலாம் என்கிறார். வெளிச்சத்தை மாற்றினால் அதையும் வைக்கலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். அவர் சும்மா தந்தாலும் வாங்கவேண்டாம். கல் முருகைகள் நம் நாட்டில் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கடலில் இருந்து உயிரோடு பெயர்த்து எடுப்பது குற்றம். சட்டத்தை விட்டுப் பார்த்தாலும் கணக்கு ஒத்துவராது. கிளைவிட்டு வளரும் அக்ரோப்போரா போன்ற கல் முருகைக்கு 200 முதல் 350 வரை பார் வேண்டும் (பார் ஓர் ஒளி அளவு, கீழே விளக்குகிறேன்). உங்கள் காளானுக்கு 30 முதல் 80 போதும். சொவாந்திட்டுக்கும் தோல் முருகைக்கும் 80 முதல் 150. அக்ரோப்போராவுக்குப் போதிய வெளிச்சத்தை அந்தத் தொட்டியில் விட்டால் காளான் சுருண்டு கல்லுக்கு அடியில் போய்விடும்.

பார் என்பது 400 முதல் 700 நானோமீற்றர் வரையான ஒளி ஒரு சதுர மீற்றரில் ஒரு செக்கனுக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகிறது என்ற அளவு. முருகையின் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசி இந்த ஒளியை வைத்துத்தான் சமைக்கிறது; அதிலும் நீலப் பக்கத்தை நன்றாகப் பிடிக்கும். 450 நானோமீற்றர் நீலம் ரியூப்பில் இருந்து வந்ததா, எல்.ஈ.டி.யில் இருந்து வந்ததா என்பது பாசிக்கு ஒன்றுதான். ஆகவே ‘ரி5இல்தான் வளரும்’ என்ற பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் வளர்ச்சியில் அல்ல. பிறகு வருகிறேன்.

காம்பு நீளுவதும் மண்ணிறமாவதும் வெளிச்சப் பசி. ஒளி குறைந்தால், வருகிற கொஞ்சத்தையும் பிடிக்கவென்று நுண்பாசி பெருகும். பாசியின் நிறம் மண்ணிறம் என்பதால் முருகையின் சொந்த நிறம் அதற்குள் மறைந்துபோகும். ரி5 ரியூப்பின் உட்பூச்சு நாளடைவில் வலுவிழக்கும். முருகைக்கு என்றால் 9 முதல் 12 மாதத்தில் மாற்றவேண்டும். உங்களுடையது 18 மாதம். கண்ணுக்கு அது தெரியாததற்குக் காரணம், நம் கண் நீலத்தை மட்டமாகத்தான் பார்க்கும், நாளுக்கு நாள் குறைவதற்கும் பழகிவிடும். ‘எல்.ஈ.டி. எரித்துவிடும்’ என்ற கதையும் பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது. பழைய ரியூப்பில் பட்டினி கிடந்த முருகைக்கு மேல் புதுப் பெட்டியை முழு வலுவில் போட்டு, பத்து நாளில் அது வெளிறியதும் பெட்டியைத் திட்டுவார்கள். அதே முருகைக்கு நாலு ரியூப்பையும் ஒரே நாளில் புதிதாக மாற்றினாலும் கிட்டத்தட்ட அதுவேதான் நடந்திருக்கும்.

ஆனால் வெளிச்சத்தில் கை வைக்க முன் அந்த 31 பாகையைச் சரிசெய்யுங்கள். தண்ணீர் சூடாக இருக்கும்போது நுண்பாசியால் வழக்கமான வெளிச்சத்தையே தாங்க முடியாது. அதன் ஒளிச்சேர்க்கைப் பொறி பழுதாகி நஞ்சான ஒட்சிசன் வகைகளை வெளிவிடும், முருகை அந்தப் பாசியைத் துப்பிவிடும். 1998இல் கற்பிட்டிக் கடலிலும் ஹிக்கடுவையிலும் முருகைத்திட்டுகள் வெளிறி அழிந்தது இப்படித்தான். 31 பாகைத் தண்ணீரில் வெளிச்சத்தைக் கூட்டினால் அதை வீட்டுக்குள் செய்து பார்த்ததாக முடியும்.

காசு செலவில்லாத வேலை முதலில். லைற்றைப் பகலில் எரிக்கவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. பின்னேரம் நாலரைக்குப் போட்டு இரவு ஒன்றரைக்கு நிற்கிறமாதிரி ரைமரை வையுங்கள். கூரை கொதிக்கிற நேரமும் லைற் எரிகிற நேரமும் பிரிந்துவிடும். அடுத்தது, கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, தண்ணீரின் மேற்பரப்பைச் சாய்வாகத் தடவிப்போகிறமாதிரி ஒரு சின்ன விசிறி. கச்சான் அடிக்கிற வறண்ட மாதங்களில் இது இரண்டு மூன்று பாகை இறக்கும். மாரியில் காற்றில் ஈரம் கூடி விசிறியின் பலன் குறையும், ஆனால் அப்போது அது அவ்வளவு தேவைப்படாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். அதனால் தினமும் நன்னீர் விட்டு அதே கோட்டுக்குக் கொண்டுவரவேண்டும். எங்கள் பக்கத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீர், அதை ஊற்றவேண்டாம். ஆர்.ஓ. தண்ணீர் வாங்கினாலும் ரி.டி.எஸ். மீற்றரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புச்சத்தை அளப்பது) வைத்துப் பாருங்கள். குடிப்பதற்கென்று சில இடங்களில் உப்புச்சத்துத் திரும்பச் சேர்ப்பார்கள். 10க்குக் கீழே காட்டினால் நல்லது.

ரியூப்பா எல்.ஈ.டி.யா என்ற கேள்விக்கு வன்னியில் பதில் சொல்கிறவை சூடும் கரண்டும்தான். உங்கள் செற் 156 வாற், பலாஸ்ற் (ரியூப்பை எரியவைக்கும் மின்கருவி) தின்பதையும் சேர்த்தால் ஏறத்தாழ 170. ஒன்பது மணித்தியாலத்துக்கு ஒன்றரை அலகு, மாதம் 46. ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது ஏறத்தாழ 0.67 அலகு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ரியூப்பின் சூட்டில் பாதி தண்ணீருக்குள் இறங்கினாலும், அதை மட்டும் வெளியேற்ற தினமும் ஒரு லீற்றருக்கு மேல் ஆவியாகவேண்டும். நீங்கள் வாளியில் ஊற்றுகிற தண்ணீரில் ஒரு பங்கு ரியூப்புக்காகத்தான். எல்.ஈ.டி.யும் சூடாகும்; ஆனால் அந்தச் சூட்டின் பெரும்பகுதி பின்பக்கத்து அலுமினியத் தகடு வழியாக மேலே போகும், தண்ணீரைப் பார்த்து இறங்காது.

165 வாற் என்று விற்கிற பெட்டி முழு வலுவிலும் உண்மையில் 120 வாற்றுக்குக் கிட்டத்தான் இழுக்கும். 55 எல்.ஈ.டி., ஒவ்வொன்றும் 3 வாற் என்று பெருக்கி எழுதிய எண் அது. உங்களிடம் இருக்கிற மென் முருகைக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது.

ரி5 பற்றிச் சொன்ன அந்த உண்மை இதுதான்: ரி5 ஒரு கோட்டில் இருந்து வெளிச்சம் தரும். 85 சென்ரிமீற்றர் நீள ரியூப் நாலு சேர்ந்தால் வானத்தில் இருந்து விழுகிறமாதிரி எல்லாப் பக்கமும் படும், நிழல் விழாது. எல்.ஈ.டி. புள்ளியில் இருந்து வருகிறது. பெட்டிக்கு நேர் கீழே கொட்டும், ஓரத்தில் மங்கும், கல்லின் அடிப்பக்கம் இருண்டு கிடக்கும். 90 சென்ரிமீற்றர் தொட்டிக்கு நடுவில் ஒரே பெட்டியைத் தொங்கவிடுகிறவர்கள் செய்கிற பிழை இதுதான். நடுவில் உள்ளது வெளிறும், இரண்டு மூலையிலும் உள்ளது காம்பு நீட்டும். பிறகு ‘எல்.ஈ.டி. சரியில்லை’ என்பார்கள்.

ஆகவே என் தீர்ப்பு: எல்.ஈ.டி.க்கு மாறுங்கள், ஆனால் இரண்டு பெட்டி. ஒன்று ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் நீளம், இரண்டையும் வால் தலையாக வைத்தால் தொட்டி நீளத்துக்குச் சரியாக வரும். லென்ஸ் 90 பாகை, 120 பாகை என்று இரண்டு இருந்தால் 120ஐ எடுங்கள். தண்ணீர் மட்டத்தில் இருந்து 25 முதல் 30 சென்ரிமீற்றர் உயரத்தில் தொங்கவிடுங்கள். கிட்டக் கொண்டுபோனால் வெளிச்சம் குத்தும், உப்புத் தெறித்து லென்ஸில் வெள்ளை படியும். இரண்டையும் நீலம் 40 வீதம், வெள்ளை 10 வீதம் என்ற அளவில் எரித்தால் மொத்தம் 60 வாற் வரை வரும். பத்து மணித்தியாலத்துக்கு மாதம் 18 அலகு. 28 அலகு மிச்சம். மின்சாரக் கட்டணம் 60, 90, 120 அலகு என்று படி ஏறுவது உங்களுக்குத் தெரியும். வீட்டுப் பாவனை 95இல் நிற்கிறவருக்கு இந்த 28 ஒரு படி இறக்கிவிடும்.

புது ரியூப் வாங்கச் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023இல் ஜெனீவாவில் கூடிய, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், பொதுப் பாவனை நேர் ரியூப்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 முடிவோடு நிறுத்துவதாகத் தீர்மானித்தன. ரியூப்புக்குள் இருக்கும் பாதரசம்தான் காரணம். பொது ரியூப் போய்விட்டால், முருகைக்காரருக்கு மட்டும் நீல ரியூப் செய்ய எத்தனை ஆலை ஓடும்? இப்போதே அது கொழும்பில் தேடவேண்டிய சாமான். கிளிநொச்சிக்கு பஸ்ஸில் உடையாமல் வந்துசேரவும் வேண்டும். வீட்டுக்குப் போடுகிற 6500 கெல்வின் ரியூப் பொருந்துமா என்று கேட்பீர்கள். காளான் உயிரோடு இருக்கும், நிறம் வராது.

மாற்றுகிற முறையை அவசரப்படாமல் செய்யுங்கள். முதல் இரண்டு வாரம் நீலம் 20, வெள்ளை 5, ஆறு மணித்தியாலம் மட்டும். பிறகு வாரம் ஒருமுறை நீலத்தை 5 கூட்டி, நேரத்தை ஒரு மணித்தியாலம் நீட்டுங்கள். ஆறு வாரத்தில் 40க்கு வந்துவிடும். பல பெட்டிகளில் நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனி வயர் வரும். இரண்டு ரைமர் போட்டு, நீலம் பத்து மணித்தியாலம், அதன் நடுவில் வெள்ளை ஆறு மணித்தியாலம் எரிய விடுங்கள். காளான் ஓரம் சுருண்டாலோ, சொவாந்திட் இரண்டு நாள் தொடர்ந்து வாய் மூடிக் கிடந்தாலோ, நிறம் வெளிறினாலோ கூடிவிட்டது என்று அர்த்தம். அணைத்துவிடாமல் 10 குறைத்து இரண்டு வாரம் பொறுங்கள். இந்த ஆறு வாரத்துக்குள் புது உணவு, புது உப்பு, புதுக் கல் எதுவும் வேண்டாம். ஏதாவது பிழைத்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

பார் மீற்றர் விலை கூடிய சாமான், ஒரு தொட்டிக்காக வாங்கத் தேவையில்லை. போனில் உள்ள லக்ஸ் அளவியை நம்பிப் பார் கணக்குப் போடவும் வேண்டாம். லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு, நீலத்தைக் குறைத்தே காட்டும். சூரிய ஒளிக்கு 54ஆல் வகுத்தால் பார் வரும். நீலப் பெட்டிக்கு அந்த 54 பொருந்தாது. ஆனால் ஒரே லைற்றை அதே தூரத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து எழுதிவைத்தால், குறைகிறதா என்று பார்க்க அது போதும்.

குறைந்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது புழுதியை. எங்கள் செம்மண் புழுதியும் தொட்டியின் உப்பும் சேர்ந்து பெட்டிக்குள் இருக்கும் சின்ன விசிறிகளை அடைத்துவிடும். விசிறி நின்றால் தகடு கொதித்து எல்.ஈ.டி. ஒவ்வொன்றாக அணையும். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி, பெயின்ற் தூரிகையால் விசிறியைத் தட்டி, லென்ஸை வினாகிரி நனைத்த துணியால் துடையுங்கள். பெட்டியின் முதுகில் 85–265 வோல்ற் என்று இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள். மாலையில் வோல்ற்றேஜ் இறங்குகிற இடத்தில் அதுதான் காப்பாற்றும். ரி5 பலாஸ்ற்றுக்கு அடிக்கடி கரண்ட் போய் வருவது ஆகாது. ஒவ்வொரு முறை பற்றும்போதும் ரியூப்பின் நுனி கறுக்கும்.

கரண்ட் போனால் பற்றரியில் லைற்றை எரிக்கவேண்டாம். முருகை ஓரிரு நாள் இருட்டைத் தாங்கும். ஒட்சிசன் இல்லாமல் மீன் சில மணித்தியாலமும் தாங்காது. இன்வேர்ட்டரில் அலைப்பம்பியையும் காற்றுப்பம்பியையும் மட்டும் கொடுங்கள்.

கழற்றிய ரியூப் நாலையும் வந்த உறையிலேயே போட்டு, பிள்ளைகள் கை படாத இடத்தில் வையுங்கள். குப்பையோடு எரிப்பதும் கிணற்றடியில் உடைப்பதும் வேண்டாம். உடைந்துவிட்டால் யன்னலைத் திறந்துவிட்டுப் பதினைந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். பிறகு தும்புத்தடியால் கூட்டாமல், தடித்த மட்டையால் அள்ளி, மிச்சத் தூளை ஒட்டு நாடாவால் ஒற்றி எடுத்து, இறுக்கி மூடும் போத்தலுக்குள் போடுங்கள்.

அன்புடன்,
அண்ணா