டிராக் அவருடையது, கார் உங்களுடையது

கேள்வி: ஆறு டீம்கள் சேர்ந்து ஒரு கார்ட் (சின்னப் பந்தய வண்டி) பந்தயத் தொடரில் ஓடுகிறோம். டிராக் உரிமையாளர் இனி விதிகளையும் தானே போடுவேன் என்கிறார். பிரிந்து தனித் தொடர் தொடங்கலாமா?

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் ஸ்பான்சர் எந்தப் பந்தயத்தை நம்பிக் காசு தருகிறார், அது யார் இடத்தில் நடக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அமெரிக்காவில் ரோஜர் பென்ஸ்கே உள்ளிட்ட கார் பந்தய டீம் முதலாளிகள் 1979-ல் தனித் தொடர் தொடங்கினார்கள். அதன் பெயரும் கார்ட் (CART)தான், உங்கள் வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நன்றாகவே ஓடியது. 1996-ல் இண்டியானாபொலிஸ் டிராக்கை வைத்திருந்த குடும்பத்தின் டோனி ஜார்ஜ் போட்டித் தொடர் ஒன்றை ஆரம்பித்து, அந்த டிராக்கில் நடக்கும் புகழ்பெற்ற இண்டி 500 பந்தயத்தின் 33 இடங்களில் 25-ஐத் தன் தொடரில் ஓடுபவர்களுக்கு ஒதுக்கினார். கார்ட் டீம்கள் முறுக்கிக்கொண்டு, அதே மே 26 அன்று மிச்சிகனில் வேறு பந்தயம் வைத்தன. பச்சைக் கொடி விழும் முன்பே முன்வரிசைக் கார்கள் உரசிக்கொள்ள, பின்னால் வந்தவை வரிசையாக மோதின. பலர் மாற்று வண்டி ஏறித்தான் மறுபடி கிளம்பினார்கள்.

அந்த அவமானத்தைக்கூடத் தாங்கியிருக்கலாம். நட்சத்திர டிரைவர்கள் பெரும்பாலும் கார்ட் பக்கம்தானே இருந்தார்கள்? ஆனால் 2000-ல் கார்ட் டீம் முதலாளி சிப் கனாஸி ‘ஒரே ஒரு பந்தயம்’ என்று இண்டி 500-க்குத் திரும்பினார், அவருடைய டிரைவர் மொன்டோயா ஜெயித்தும் கொடுத்தார். அடுத்த வருடம் பென்ஸ்கே. அப்புறம் ஒவ்வொருவராக நழுவினார்கள். 2003 முடிவில் கார்ட் திவால். 2008-ல் மிச்சமிருந்ததும் ஜார்ஜின் தொடரோடு சேர்ந்தது. அவர் ஜெயித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தப் பன்னிரண்டு வருடச் சண்டையில் ரசிகர்கள் நாஸ்கார் என்ற வேறொரு கார் பந்தயத் தொடரின் பக்கம் போய்விட்டார்கள். 2020-ல் டிராக்கும் தொடரும் அதே பென்ஸ்கே கைக்கு வந்தன!

சரி, உங்கள் விஷயம். நீங்கள் இல்லாவிட்டால் அவர் டிராக் காலியாகக் கிடக்கும், அதை வைத்துப் பேசுங்கள். சீசன் நடுவில் விதி மாறாது, மாற்றுவதானால் நான்கு டீம்களின் சம்மதம் வேண்டும், மூன்று வருடத்துக்குத் தேதியும் வாடகையும் இவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

அதற்கும் மசியவில்லையா? வேறு டிராக்கின் தேதி, இன்சூரன்ஸ், எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் பந்தயச் சங்கங்களின் கூட்டமைப்பு) அனுமதி மூன்றும் கையில் வராமல் அறிவிக்காதீர்கள். அனுமதியில்லாத பந்தயத்தில் ஓடினால் டிரைவர்களின் லைசென்ஸுக்கே வில்லங்கம். எல்லாவற்றுக்கும் முன்னால், இரண்டு வருடம் யாரும் தனியாகத் திரும்பிப் போகமாட்டோம் என்று ஆறு பேரும் கையெழுத்திடுங்கள். யார் பேனாவை எடுக்கத் தயங்குகிறார் என்று அங்கேயே தெரிந்துவிடும். டிராக் உரிமையாளரைப் பார்க்கப் போவது அதற்கப்புறம்.