தம்பிக்கு ஓட்டோ, ரீச்சருக்கு முதுமாணி

கேள்வி: வலிகாமத்தில் அரச பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வயது 38. பட்டப்பின் கல்வி டிப்ளோமா முடித்துவிட்டேன். கல்வி நிர்வாகத்தில் முதுமாணி செய்து அதிபராக வர ஆசை. அரச பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம், விசாரித்ததில் எல்லாம் சேர்த்து இரண்டரை இலட்சம் வரும் என்றார்கள். நகரில் ஒரு தனியார் நிறுவனம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் 'பாடசாலைத் தலைமைத்துவ' முதுமாணியை ஒரே வருடத்தில், பரீட்சை இல்லாமல், 4 இலட்சத்துக்குத் தருகிறது. சம்பளத்தில் லோன் 23,790 கழிந்து 44,000 கைக்கு வருகிறது. அந்த லோனை 15 இலட்சமாகப் புதுப்பிக்கலாம் என்று வங்கியில் சொல்கிறார்கள். படிப்புக்கு எடுத்தது போக மிச்சம் 4 இலட்சத்தைத் தம்பிக்கு ஓட்டோ எடுக்கக் கொடுக்கச் சொல்லி அம்மா கேட்கிறா. இரண்டில் எந்தப் படிப்பு நல்லது?

பதில்: ரீச்சர், படிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் நீங்கள் அனுப்பிய சம்பளச் சிட்டையின் படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். லோன் கழிவு வரியைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளின் கொப்பியில் பிழைக்குப் போடுகிற அதே வட்டம். பிழை எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிய கதை இது. நாலு வருடத்துக்கு முன் தங்கச்சியின் கலியாணத்துக்கு 8 இலட்சம் எடுத்தீர்கள், ஐந்து வருடத் தவணை, 15 வீத வட்டி. இரண்டு வருடம் கட்டினதும் அதை 10 இலட்சமாகப் புதுப்பித்துத் தம்பியின் போன் கடைக்குக் கொடுத்தீர்கள். இப்போது இன்னொரு இரண்டு வருடம் முடிகிறது, இனி 15 இலட்சம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருவிழா வருவதுபோல் வருகிறது.

கணக்கைப் பருமட்டாகப் போடுவோம். முதல் லோனுக்கு மாதம் 19,000 படி 24 மாதம், ஏறத்தாழ 4 இலட்சத்து 57 ஆயிரம் கட்டினீர்கள். ஆனால் கடன் குறைந்தது இரண்டரை இலட்சம் மட்டும். மீதி வட்டிக்குப் போனது. ஐந்து வருடத் தவணையில் முதல் இரண்டு வருடம் வட்டி கூடுதலாகவும் கடைசி வருடங்களில் வாங்கிய முதல்தொகை கூடுதலாகவும் கழியும். நீங்கள் அந்த நல்ல காலம் வரும்போதெல்லாம் கணக்கை அழித்து முதலிலிருந்து தொடங்குகிறீர்கள். இரண்டாவது லோனிலும் இதே கதை. நாலு வருடத்தில் 10 இலட்சத்து 28 ஆயிரம் கட்டி, இன்னும் 6 இலட்சத்து 86 ஆயிரம் நிற்கிறது. கைக்கு வந்தது எல்லாமாகப் பன்னிரண்டரை இலட்சம். வட்டி மட்டும் 4 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல். நடுவில் வீதம் மாறியிருந்தால் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் அந்த வட்டிக் காசில் நீங்கள் விசாரித்த அரச பல்கலைக்கழக முதுமாணியை முடித்துவிட்டு, கொழும்புக்கு நாலு தரம் போயும் வந்திருக்கலாம்.

சரி, இனி 15 இலட்சமாக்கினால்? தவணை 35,700 ஆகும். கைக்கு வருவது 32,000 சொச்சம். எட்டாம் வகுப்பில் ஒரு மகள், ரியூசன், மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல். ஐந்து வருடத்தில் கட்டி முடிப்பது 21 இலட்சத்துக்கு மேல். ஒன்றும் செய்யாமல் இருந்தால் இன்னும் 36 மாதம், எட்டரை இலட்சம், அதோடு விடுதலை. புதுப்பிக்க வேண்டாம். இந்த ஒன்றைத்தான் நான் அழுத்திச் சொல்வேன்.

அப்போ படிப்புக்குக் காசு? அரச ஊழியருக்கான இடர்க்கடனை நீங்கள் இதுவரை எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 4.2 வீத வட்டிக்கு அரசாங்கம் தருவதை விட்டுவிட்டு 15 வீதத்துக்கு வங்கியில் நிற்பானேன்? இரண்டரை இலட்சத்துக்கு ஐந்து வருடத்தில் வட்டி 28,000 அளவு. அதே தொகைக்கு வங்கியில் ஒரு இலட்சத்துக்கு மேல். மாதம் 4,600 கழியும், 44,000 என்பது 39,400 ஆகும், தாக்குப்பிடிக்கலாம். வலயக் கல்விப் பணிமனையில் படிவம் கேளுங்கள். பிணையாளர் வேண்டும், பணம் வரவும் ஆறுதலாகத்தான் வரும், ஆகவே அனுமதிக் கடிதம் வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே கொடுங்கள். கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாமா என்றும் பல்கலைக்கழகத்தில் கேட்டுப் பாருங்கள்.

தனியார் நிறுவனத்தின் துண்டுப்பிரசுரத்தையும் பார்த்தேன். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர், பின்னால் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம், 'அடுத்த அதிபர் நீங்களே'. இலங்கை அதிபர் சேவைக்குப் போட்டிப் பரீட்சையும் நேர்முகமும் தாண்டித்தான் போகலாம். கல்வி நிர்வாக சேவைக்கும் பரீட்சைதான் பிரதான வழி. முதுமாணி உங்களுக்கு அறிவையும் கொஞ்சம் துணிவையும் தரும், கதிரையைத் தராது. பரீட்சையே இல்லாத படிப்பு, பரீட்சை எழுதிப் போகவேண்டிய பதவிக்கு என்ன பழக்கத்தைத் தரப்போகிறது? அப்படியும் மனம் இழுத்தால், அந்தப் பட்டத்தை அங்கீகரிக்கிறீர்களா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கியபின் ஒரு சதம் கட்டுங்கள். கவுண்டரில் இருக்கிற பிள்ளை தலையாட்டுவது பதிலல்ல. மஹரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தையும் விசாரியுங்கள். பாடசாலைத் தலைமைத்துவப் பயிற்சிக்கு மீப்பேயில் அவர்களுக்கென்று தனி நிலையமே உண்டு.

ஆசிரியர் வட்ஸ்அப் குழுவில் யாரோ 'மாதம் 10 வீதம் தரும்' செயலி ஒன்றைப் போட்டிருக்கிறார் என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஆள் பிடித்தால் கொமிஷன் என்றால் அது பிரமிட் மோசடி. நம் வங்கிச் சட்டத்தில் அது குற்றம். குழுவை விட்டு வெளியே வருவதற்குச் செலவு ஏதும் இல்லை.

இனித் தம்பி. 'இல்லை என்றால் அம்மா இரண்டு நாள் கதைக்கமாட்டா' என்று எழுதியிருக்கிறீர்கள். கதைக்காமல் இருக்கட்டும், மூன்றாம் நாள் கதைப்பா. தம்பிக்கு ஓட்டோ வேண்டுமென்றால் அவர் பெயரில் லீசிங் எடுக்கட்டும், ஓடி உழைத்துக் கட்டட்டும். பிணைக்கு மட்டும் என்று உங்களிடம் வந்தாலும் கையெழுத்து வைக்காதீர்கள். அதிபரானால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் நீங்கள்தான், காசோலையில் உங்கள் கையெழுத்து விழும். யாராவது ஒரு பெற்றார் வந்து, சங்கக் காசில் ஒரு நாலு இலட்சம் மாறித் தாருங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்? வீட்டிலும் அதையே அதே குரலில் சொல்லுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். போன் கடைக்குக் கொடுத்த நாலரை இலட்சத்தில் தம்பி இதுவரை எவ்வளவு திருப்பித் தந்தார்? மூன்று பக்கக் கடிதத்தில் அந்தத் தொகை எங்கும் இல்லை.