பல் கேள்வி பதில்: பிறக்கெற் ஏன் கழல்கிறது?

கேள்வி: மகளுக்கு 14 வயது. பல்லுக்குக் கம்பி போட்டு நாலு மாதத்துக்குள் கீழ்ப் பக்கம் ஒரே கடைவாய்ப் பல்லில் இருந்த பிறக்கெற் (கம்பியைப் பிடித்து வைக்கப் பல்லில் ஒட்டுகிற சின்னத் துண்டு) மூன்று தடவை கழன்றுவிட்டது. "என்ன கடித்தாய்?" என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று அழுகிறாள். பசை சரியில்லையா டொக்டர்?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: முதலில் பிள்ளையைப் பேசுவதை நிறுத்துங்கள் அம்மா. கண்டதையும் கடிக்கிற பிள்ளைக்கு இன்றைக்கு ஒரு பல்லில் கழலும், அடுத்த மாதம் வேறொன்றில் கழலும். ஒரே பல்லில் திரும்பத் திரும்பக் கழன்றால் அந்தப் பல்லைத்தான் பார்க்கவேண்டும், அவள் சொல்வது உண்மையாக இருக்க நிறைய இடமுண்டு.

பசையும் பெரும்பாலும் காரணமில்லை. 1955 இல் மைக்கல் புவனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், பல்லின் கடினமான வெளிப்பூச்சான எனாமலில் பொஸ்போரிக் அமிலம் பூசினால் பிசின், அதாவது ஒட்டுகிற பசை, நன்றாகப் பிடிக்கும் என்று காட்டினார், இன்றைக்கும் நாங்கள் அதே வழியில்தான் ஒட்டுகிறோம். பல்லைப் பியூமிஸ் தூளால் தேய்த்துக் கழுவி, ஏறக்குறைய 37 சதவீத அமிலத்தை 15 முதல் 30 செக்கன் வரை வைத்து, திரும்பக் கழுவிக் காற்றடித்து உலர்த்தினால் எனாமல் சோக்கட்டி நிறத்துக்கு வெளுக்கும். அந்த வெண்மை வந்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் திறந்துவிட்டன என்று அர்த்தம். பிசின் அவற்றுக்குள் இறங்கி இறுகுவதுதான் பிடிமானம்.

இந்த இடத்தில் ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் காரியம் கெட்டுவிடும். துளைகளை எச்சில் மூடிக்கொள்ளும், மேலே பிசின் வெறுமனே கிடக்கும். பட்டது தெரிந்தால் துடைத்துவிட்டுத் தொடரக்கூடாது, கழுவி உலர்த்தி அந்தப் பல்லுக்குத் திரும்ப அமிலம் வைக்கவேண்டும். முன்பற்களை உலர்த்தி வைத்திருப்பது சுலபம், கீழ்க் கடைவாய்ப் பக்கம் நாக்கும் கன்னமும் நெருக்கிக்கொண்டு நிற்க எச்சில் வந்து தேங்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் உங்கள் மகளுக்குக் கழல்கிற அந்த இடத்தில் மற்றவர்களுக்கும் அதிகம் கழல்கிறது.

அடுத்தது கடி. மேற்பல் இறங்கி வந்து கீழ் பிறக்கெற்றில் இடித்தால், கஞ்சி குடிக்கிற பிள்ளைக்கும் அது கழலும். நிறத்தாளைக் கடிக்க வைத்தால் இடிக்கிற இடம் உடனே தெரியும், அப்புறம் வேறு பல்லில் கொஞ்சம் பிசின் வைத்துக் கடியை உயர்த்திவிடலாம். அந்தப் பல்லில் அடைத்த இடமோ உறையோ இருந்தாலும் சொல்லுங்கள், அவை எனாமல் அல்ல, ஒட்டும் முறையே வேறு. கழன்ற பழைய பிறக்கெற்றையே திரும்ப ஒட்டினார்களா என்றும் கேளுங்கள். அதன் பின்பக்க வலையில் பழைய பிசின் அடைத்திருந்தால் புதிய பிசினுக்குப் பிடிக்க இடமில்லை. புதியதைப் போடுவதுதான் நல்லது.

பிசினை இறுக்குகிற நீல லைட்டும் ஒரு விசயம். உலோகத்துக்குள்ளால் வெளிச்சம் போகாது, விளிம்புகளில் காட்டித்தான் இறுக்கவேண்டும். லைட் பலவீனமாக இருந்தாலோ அவசரப்பட்டாலோ உள்ளே பாதிதான் இறுகும். லைட் காட்டிய பிறகும் பிசின் ஒரு நாள் வரை பலம் ஏறிக்கொண்டே இருக்கும், முதல் நாள் மென்மையான சாப்பாடு கொடுங்கள்.

இன்னும் பலமான பசை கேட்காதீர்கள். 6 முதல் 8 மெகாபாஸ்கல் (ஒட்டின் பலத்தை அளக்கிற அலகு) அளவு பிடிமானமே போதுமென்று 1975 இலேயே சொல்லிவிட்டார்கள். சிகிச்சை முடிய அதைக் கழற்றவும் வேண்டுமே, அளவுக்கு மீறி ஒட்டினால் எனாமலும் சேர்ந்து பெயரும்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். புழுக்கொடியல், பொரிவிளாங்காய், கச்சான் அல்வா, பல்லில் ஒட்டி இழுக்கிற பனாட்டு எல்லாம் கம்பி இருக்கும்வரை வேண்டாம். மாங்காயைச் சீவிக் கொடுங்கள். கழன்றால் அடுத்த தவணை வரை காத்திருக்காமல் கிளினிக்குக்குச் சொல்லுங்கள், பல் நகர்வது அங்கே நின்றுபோகும்.

கேள்வி: சொந்த இடம் வவுனியா, படிப்பது யாழ்ப்பாணத்தில். பற்களில் சின்ன வயதிலிருந்தே வெள்ளையும் மண்ணிறமுமாகக் கறை. கம்பி ஒட்டாது என்கிறார்கள், உண்மையா?
– ஒரு மாணவி

பதில்: ஒட்டும் தங்கச்சி. வவுனியாவிலும் அநுராதபுரப் பக்கத்திலும் பல கிணறுகளில் புளோரைட் அதிகம். பல் உருவாகிற வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களின் எனாமலின் மேற்படை அமிலத்துக்கு இலேசில் கரையாது, துளைகள் சரியாகத் திறக்காது. கறை கொஞ்சமென்றால் பெரிய வித்தியாசமில்லை. மண்ணிறமாகிக் குழி விழுந்திருந்தால் மேற்படையை மெல்லியதாகத் தேய்த்து, அமிலத்தைக் கூடிய நேரம் வைத்து ஒட்டுவார்கள். ஒன்றிரண்டு கழலலாம், அதற்காகச் சிகிச்சையையே விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கம்பி போட முதல் பல்லை வெளுப்பாக்கலாமா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: வேண்டாம். வெளுக்கப் பயன்படுத்துகிற பெரொக்சைட்டின் ஒட்சிசன் பல்லுக்குள் தங்கி, பிசின் இறுகுவதைத் தடுக்கும். ஏற்கனவே செய்துவிட்டீர்கள் என்றால் இரண்டு மூன்று கிழமை பொறுத்து ஒட்டுங்கள். இல்லையென்றால் கம்பி கழற்றிய பிறகே செய்யுங்கள்.