எழுத்தைச் சாய்ப்பதா, சாய்வெழுத்தை எடுப்பதா?

கேள்வி: 250 கிராம் தேயிலை பக்கற்றுக்குப் பழைய தேயிலைப் பெட்டிபோல லேபல் செய்கிறேன். ரோபோட்டோ ஸ்லாப் எழுத்துருவைத் தடித்ததாக்கிச் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் கோணலாகத் தெரிகிறது. ஏன்? (வாசகர், ஹற்றன்)

பதில்: அந்த எழுத்துருவில் சாய்வு வடிவமே இல்லை. பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் நிமிர்ந்த எழுத்தை அப்படியே தள்ளிச் சரிக்கிறது. ஆங்கில 'ஓ'வைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வலது மேற்புறமும் இடது கீழ்ப்புறமும் தடித்திருக்கும், மற்ற இரு மூலைகளும் மெலிந்திருக்கும். மெல்லிய எழுத்தில் தப்பிவிடும் இந்தக் குறை, தடித்த எழுத்தில் தப்பாது. சாய்வாகவே வரைந்தவர் இந்தத் தடிப்பை ஒவ்வொரு வளைவிலும் திருத்தியிருப்பார்.

ஆர்வோ, ஸில்லா ஸ்லாப் இரண்டுக்கும் தடித்த சாய்வு தனிக் கோப்பாகவே உண்டு. இலவசம், விற்பனைப் பொருளிலும் பயன்படுத்தலாம். ஆனால் இவையும் 1934இல் வந்த ரொக்வெல் எழுத்துருவும் அளவுகோல் வைத்து வரைந்த சாயல் கொண்டவை. கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்ட காலத்தை லேபல் நினைவூட்ட வேண்டுமென்றால், 1845இல் லண்டனில் வெளியான கிளாரெண்டன் வகையே பொருத்தம். அதில் கட்டைச் செரிஃப் (எழுத்துக் கோட்டின் முனையிலுள்ள தடித்த பட்டை) தண்டோடு, அதாவது எழுத்தின் முதன்மைக் கோட்டோடு, சேருமிடம் வளைந்திருக்கும். வாங்குமுன் தடித்த சாய்வுக் கோப்பு உள்ளதா என்று பாருங்கள்.

கேள்வி: இப்படியொரு லேபலில், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றினால் ஆங்கிலக் குப்பையாகிறது. தமிழையும் ஆங்கிலத்தின் அளவுக்குச் சாய்க்கலாமா? (வாசகி, பதுளை)

பதில்: பாமினியில் 'தமிழ்' என்பது உண்மையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு மாறியதும் அது வெளியே தெரிகிறது. முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பிறகு தமிழுக்குத் தமிழ் எழுத்துரு ஒன்றைத் தனியாகக் கொடுங்கள்.

சாய்க்காமல் நிமிர்ந்தே விடுவதுதான் அழகு. சாய்த்தே ஆகவேண்டும் என்றால், ஆங்கிலம் 12 பாகை சாயுமிடத்தில் தமிழுக்கு 6 பாகை போதும். அதற்கு மேல் போனால் 'கி', 'தி'யின் மேல்வளைவு அடுத்த எழுத்தின் தலையில் இடிக்கக்கூடும். அங்கே இடைவெளியைக் கையால் கூட்ட வேண்டும்.

கேள்வி: பழுப்புத் தாள் பையில் ஸ்கிரீன் அச்சில் (வலை வழியே மையைத் தள்ளும் அச்சு) 'ஈ', 'ஏ' போன்ற ஆங்கிலச் சின்ன எழுத்துகளின் உள்வெளி, அதாவது எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம், மையால் அடைபட்டுவிடுகிறது. என்ன செய்யலாம்? (வாசகர், பண்டாரவளை)

பதில்: அந்தத் தாள் மையை உறிஞ்சிப் பரப்பும். சென்ரிமீற்றருக்கு 77 இழை கொண்ட வலையைப் பயன்படுத்துங்கள். மையை நீர்த்துப்போக விடாதீர்கள். எழுத்தின் மிகக் குறுகிய உள்வெளி அச்சளவில் அரை மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. குறைந்தால் ஒரு படி மெலிந்த தடிப்பை எடுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் ஒட்டாதிருக்க எழுத்திடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள். நிழல் சேர்ப்பதாயிருந்தால் இடது கீழ்ப்பக்கம் இடுங்கள், தண்டின் தடிப்பில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வேண்டாம்.